கழித்தலும் காத்தலும்

கண்மாய்க்குத் தூர் எத்தகையதோ, இல்லத்திற்குப் பயனின்றித் தேங்கிய பொருள்கள் அத்தகையன. தூர் மிகுந்தால் நீர் நிற்க இடமிராது; பொருள் மிகுந்தால் மக்கள் இயங்க இடமிராது. மதுரையின் கிழக்கே, வைகைக் கரையில் உள்ள வண்டியூர், கண்மாயால் வளம் பெற்ற ஊர். கண்மாயில் தூர் வாரிய உழவர், அவ் வண்டலை வீணே கொட்டியதில்லை. வண்டியில் ஏற்றிச் சென்று நிலத்திற்கு உரமாக இட்டனர். ஓரிடத்தில் சுமையாய்க் கிடந்தது மற்றோரிடத்தில் செல்வமாயிற்று. இல்லத்தைத் தூய்மை செய்வோர் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.

அவ்வூரின் பெயரால் வழங்கும் மாரியம்மன் தெப்பக்குளமும் இதனையே உணர்த்தும். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் தம் அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடமே தெப்பக்குளமாயிற்று என்றும், தோண்டுங்கால் கிடைத்த திருவுருவமே மீனாட்சியம்மன் கோயிலில் முக்குறுணிப் பிள்ளையாராக விளங்குகின்றது என்றும் மதுரை மக்கள் வழிவழியாகக் கூறுவர். தோண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு மண்ணை அள்ளியிருந்தால் அத் திருவுருவம் என்னாகியிருக்கும்? கழிக்கும் கைக்குக் காணும் கண் துணையாதல் வேண்டும்.

மார்கழி முடியுங்கால் வீடுகள்தோறும் வெள்ளையடிப்பர். பரணில் ஏறிக் கிடந்தவை யாவும் முற்றத்திற்கு இறங்கும். உடைந்த முறமும், கிழிந்த பாயும், ஒரு கால் இழந்த நாற்காலியும், அட்டை பிரிந்த நூல்களும் ஒருங்கே குவியும். இத் தூய்மை பாராட்டத்தக்கதே. ஆயினும் குவிந்தவற்றையெல்லாம் போகித் தீயில் இடுதல் அறிவுடைமை ஆகாது. ஓலையும் வைக்கோலும் எரிந்த காலம் வேறு. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எரியும் காலம் வேறு. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் சூழ்ந்த புகைமூட்டத்தால் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. தம் வீட்டுக் குப்பையைப் பிறருடைய மூச்சில் கலப்பது தூய்மை எனப்படுமோ?

புகை ஒரு நாளில் அகலும். ஆராயாது அழித்ததனால் வந்த இழப்போ ஒருநாளும் அகலாது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். கரிவலம்வந்தநல்லூரில் ஏட்டுச் சுவடிகள் பல இருந்தமை அறிந்து அங்குச் சென்றார். அவை பழுதுபட்டவை எனக் கருதப்பெற்று, நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடப்பட்டு மறைந்த ஏடுகளும் உண்டு. அவற்றை அழித்தவர் தமிழின் பகைவர் அல்லர். இல்லத்தையும் கோயிலையும் தூய்மை செய்வதாகவே எண்ணினர். இன்னது இது என்று பாராமையே அவர் செய்த பிழை. தீக்கும் நீருக்கும் தப்பிய ஏடுகளைக் கொண்டன்றோ ஐயரவர்கள் 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார்!

பிறர் கழிப்பதைக் கண்ணுற்றுக் காத்தவரும் நம் நாட்டில் உளர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூல்களையும் இதழ்களையும் மட்டுமின்றி, திருமண அழைப்பிதழ்களையும் துண்டு விளம்பரங்களையுங்கூட அவர் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத் தொகுப்பைப் பெற்றது. அதனைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பலர் குப்பை என்று எறிந்தது அறிஞர் தேடிவரும் கருவூலமாயிற்று.

எல்லாவற்றையும் காத்து வைத்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அவ்வாறாயின் வீடே பரணாகிவிடும். வேண்டுவோர் கையில் சேர்த்தலே நல்வழி. அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டாத பொருள்களை விடுமுறை நாளில் வீட்டு வாயிலிலோ கார்க் கொட்டகையிலோ பரப்பி, சிறு விலை குறித்து அயலார்க்கு விற்பர். விற்பவர்க்கு இடம் மிஞ்சும். வாங்குபவர்க்குப் பணம் மிஞ்சும்.

நம் தெருவில்தான் பழைய சாமான் வாங்குவோர் வருகின்றனரே, இஃது எதற்கு எனச் சிலர் வினவுவர். அவர் செய்யும் தொழில் நற்றொழிலே. ஆயினும் அவர் தராசு எடையை அறியுமேயன்றிப் பயனை அறியாது. ஓர் அகராதிக்கும் அதே எடையுள்ள செய்தித்தாள் கட்டுக்கும் அது வேறுபாடு காணாது. அவ் அகராதியை அடுத்த வீட்டு மாணவன் பெற்றால் ஆண்டு பல பயன்படுத்துவான். பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவது இழிவு எனவும் சிலர் கருதுவர். தமையன் படித்த நூலைத் தம்பி படிப்பதில் இழிவு யாது? ஊரே ஒரு குடும்பம் எனக் கொண்டால் அந் நாணம் அகலும்.

ஆதலின் வண்டியூர் போன்ற ஊர்களில், போகிக்கு முன்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவார் ஒன்றுகூடித் தத்தம் திண்ணையில் பொருள்களைப் பரப்பலாம். பயன்படுவனவற்றைச் சிறு விலைக்கோ விலையின்றியோ தருக. பழுதுற்றவற்றைச் செப்பனிட்டுத் தருக. உடைந்ததைக் கொடுத்து அறம் செய்ததாக எண்ணற்க. செப்பனிட இயலாதவற்றைப் பழைய சாமான் வாங்குவோர்க்கு அளிக்க. ஏடு, கையெழுத்துப் படி, பழைய கடிதம் ஆகியவற்றை மட்டும் படித்தறிய வல்லார் ஒருவரிடம் காட்டாமல் கைவிடற்க. அவற்றைப் பேணுதற்கு மதுரையில் 1901இல் தோன்றிய தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் உள்ளன.

கழித்தல் கையின் தொழில். காத்தல் அறிவின் தொழில். இரண்டும் ஒருங்கு நிகழும் இல்லத்தில் இடமும் பெருகும். அவ்வில்லத்தால் ஊரும் பயன்பெறும்.