ஒரு பட்டனுக்காக போர்டையே மாற்றுவதா?

கம்ப்யூட்டர் இதழில் வாஷிங் மெஷினுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு சிறிய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு மெஷினின் ஸ்டார்ட் பட்டன் பழுதானபோது நான் கற்றுக் கொண்டவை, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள உங்களுக்கும் பயன்படும்.

எங்கள் ஊர் பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். ஜன்னல் கம்பி, சைக்கிள் என எதுவும் உப்புக் காற்றுக்குத் தப்பாது. கடலுக்குப் போய் வரும் அப்பாவின் துணிகளை அம்மா பல ஆண்டுகள் கல்லில் அடித்துத் துவைத்தார். கை வலி அதிகமான பிறகுதான் மெஷின் வாங்கினோம்.

வாரண்டி முடிந்து சில மாதங்களில் ஸ்டார்ட் பட்டன் தகராறு செய்யத் தொடங்கியது. முதலில் இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு பத்து முறை. ஒரு நாள் எத்தனை முறை அழுத்தினாலும் மெஷின் ஓடவில்லை. மூடி சரியாக மூடியிருக்கிறதா, சைல்ட் லாக் விழுந்திருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

மெக்கானிக் வந்தார். பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். "போர்டு போயிடுச்சு சார். மாத்தணும். 4,800 ரூபாய் ஆகும்" என்றார். பட்டனை மட்டும் மாற்ற முடியாதா என்று கேட்டேன். "பட்டன் தனியா வராது சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் மீண்டும் கல்லுக்கே போனார்.

எனக்கு ஒரு சந்தேகம். மெஷினில் விளக்குகள் எரிகின்றன. மற்ற பட்டன்களை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறது. அப்படியானால் போர்டு எப்படிப் போயிருக்கும்? மவுஸின் இடது பட்டன் வேலை செய்யாவிட்டால் நாம் கம்ப்யூட்டரையே மாற்றுகிறோமா?

இங்கு பட்டன் செய்யும் வேலையைத் தெரிந்து கொள்ள வேண்டும். இத்தகைய மெஷின்களில் ஸ்டார்ட் பட்டன் வழியாக மோட்டாருக்கான மின்சாரம் செல்வதில்லை. பிளாஸ்டிக் பட்டனுக்குக் கீழே, போர்டில் ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கும். அழுத்தினால் அது சிப்புக்கு ஒரு சிக்னல் மட்டும் தரும். மோட்டாரை ஓட்டுவது சிப்பின் வேலை. உங்கள் கம்ப்யூட்டரின் பவர் பட்டனும் இப்படித்தான். பழைய ஏ.டி. வகை கம்ப்யூட்டர்களில் அந்த ஸ்விட்ச் நேரடியாக மின்சாரத்தைத் துண்டித்தது. 1995ல் ஏ.டி.எக்ஸ். வகை வந்த பிறகு, அது மதர்போர்டுக்குத் தகவல் சொல்வதோடு சரி.

பொன்னேரியில் செல்போன் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியிடம் போர்டைக் கொண்டு போனேன். ஈரம் படாமலிருக்க அதன் மேல் ஜெல் போன்ற பூச்சு இருந்தது. ஸ்விட்ச் இருந்த இடத்தில் மட்டும் அதைக் கவனமாக வெட்டி எடுத்தார். ஆறு மில்லிமீட்டர் சதுரம், நான்கு கால்கள். மல்டிமீட்டர் வைத்து அழுத்தியபோது ஒரு முறை இணைப்பு வந்தது, மறுமுறை வரவில்லை. கால்களில் பச்சை படிந்திருந்தது. அதே உயரமுள்ள புதிய ஸ்விட்சைச் சால்டர் செய்து, மேலே சிலிக்கான் பூசினார். ஸ்விட்சின் விலை சில ரூபாய்தான். கூலியோடு 250 ரூபாய் கொடுத்தேன். அன்று மாலையே மெஷின் ஓடியது.

இதைப் படித்துவிட்டு நீங்களே மெஷினைத் திறந்துவிட வேண்டாம். வாரண்டி இருந்தால் தொடவே கூடாது. பல மெஷின்களில் போர்டின் குறைந்த வோல்ட் பகுதியும் மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் மின்சாரம் தங்கும். தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கம்ப்யூட்டரில் இது எளிது. கேபினெட்டின் பவர் பட்டன் பழுதானால், மின் இணைப்பை முழுவதும் நீக்கிவிட்டு, மதர்போர்டில் பவர் ஸ்விட்ச் பின்களில் உள்ள ஒயரைக் கழற்றி, அங்கு ரீசெட் பட்டனின் ஒயரைச் செருகுங்கள். இனி ரீசெட் பட்டனே பவர் பட்டன். செலவு எதுவும் இல்லை.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் உண்டு. போர்டை முழுதாக மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும். வீடு வீடாகச் செல்லும் மெக்கானிக் சால்டர் செய்து கொண்டிருக்க முடியாது. ஆனால் தினமும் விரல் படும் பாகம்தான் முதலில் தேயும் என்பது தயாரிப்பவர்களுக்குத் தெரியாதா? ஸ்விட்ச்களைத் தனியாக ஒரு சிறு போர்டில் வைத்து, அதை மட்டும் விற்றால் என்ன?

ஐரோப்பிய யூனியனில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினுக்கான முக்கிய உதிரி பாகங்களைக் குறைந்தது 10 ஆண்டுகளுக்குத் தர வேண்டும் என்ற விதி உள்ளது. அங்கும் போர்டை முழுதாகத் தந்தால் போதும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24ல் இதற்கான இணைய தளமும் தொடங்கப்பட்டது. வீட்டு உபயோகப் பொருட்களும் இதில் அடங்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் பட்டன் தனியாகக் கிடைக்கும் வரை, எங்கள் ஊர் போன்ற உப்புக் காற்று ஊர்களுக்கு இது போதாது என்பது என் கருத்து.

அதுவரை, "போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். போர்டில் எந்தப் பாகம் போனது? மற்ற பட்டன்கள் எப்படி வேலை செய்கின்றன? மாற்றினால் பழைய போர்டை என்னிடமே தருவீர்களா? சரியான பதில் கிடைக்காவிட்டால் பணம் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள். கம்பெனி மீது புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம்.