வைரமும் தேயும்

இசைத்தட்டுகளைச் சுழலவிட்டுக் கூட்டத்தை ஆட வைக்கும் டிஸ்க் ஜாக்கிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டர்ன்டேபிள் என்ன மாடல், மிக்ஸர் எந்த நாட்டுச் சரக்கு, ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். கடைசியாக ஊசியை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இந்திய கிளப்களில் இன்று பெரும்பாலும் டிஜிட்டல் பிளேயர்களும் லேப்டாப்களும்தான். ஆனால் கொல்கத்தாவின் ஃப்ரீ ஸ்கூல் தெருவிலும் மும்பையின் சோர் பஜாரிலும் பழைய தட்டுகளைப் புரட்டித் தேடி வாங்கி, அவற்றையே மேடைக்குக் கொண்டு வரும் சிறு கூட்டமும் இருக்கிறது. எழுபதுகளில் அச்சான ஒரு ஹிந்திப் படத் தட்டு பாழானால் இன்னொன்று கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஊசியோ காசு கொடுத்தால் கிடைக்கும். ஆனாலும் பலர் ஊசியை மிச்சம் பிடித்துத் தட்டைத் தொலைக்கிறார்கள்.

கார்ட்ரிட்ஜ் என்பது டர்ன்டேபிள் கையின் நுனியில் இருக்கும் சிறு பெட்டி. டி.ஜே.க்கள் பயன்படுத்தும் வகையில், மெல்லிய உலோகத் தண்டு ஒன்றின் முன்முனையில் வைரத் துணுக்கும் பின்முனையில் பொடிக் காந்தமும் இருக்கும். தட்டின் பள்ளத்தில் வைரம் அசைந்தால் காந்தமும் அசையும். பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் சில மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். மிச்சமெல்லாம் ஆம்ப்ளிஃபயரின் வேலை. இந்த வகையில் பெட்டி நெடுநாள் உழைக்கும். தேய்வது ஊசி. அதை மட்டும் கழற்றி மாற்றலாம்.

டி.ஜே.வின் ஊசி வேறு, வீட்டு ஊசி வேறு என்பது 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட பாடம். ஒரே பாட்டின் தாளப் பகுதியை மட்டும் இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்ட முயன்ற கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஊசிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். நீள்வட்ட முனை கொண்ட ஊசி இனிமையாகப் பாடியது. தட்டைப் பின்னோக்கித் தள்ளினால் துள்ளி வெளியே விழுந்தது. கூம்பு முனை ஊசி அவ்வளவு நுட்பமாகப் பாடவில்லை. ஆனால் பள்ளத்தை விட்டு அசையவில்லை. அவர் கூம்பைத் தேர்ந்தெடுத்தார்.

இன்றும் முதல் கேள்வி அதுதான். தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஓசை எழுப்பும் ‘ஸ்க்ராட்ச்’ வேலைக்குக் கூம்பு முனை. ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு நிதானமாக மாறி, முழுப்பாட்டையும் ஓட விடுபவர் நீள்வட்ட முனையைப் பரிசீலிக்கலாம். ஒலி தெளிவாக இருக்கும். லேப்டாப்பிலுள்ள பாட்டைக் குறியீட்டுத் தட்டால் இயக்குபவருக்கு நீள்வட்டம் வீண் செலவு. அங்கே ஊசி படிப்பது பாட்டையல்ல, வெறும் சமிக்ஞையை. தாத்தா காலத்து 78 வேக அரக்குத் தட்டுக்கு மேற்சொன்ன எதுவும் ஆகாது. அதன் பள்ளம் அகலமானது. அதற்கென்று தடித்த முனை தனியாக இருக்கிறது.

எந்த கம்பெனி? நெடுங்காலம் பதில் ஒன்றுதான்: அமெரிக்காவின் ஷூர் எம்44-7. 1960களில் பிறந்த இந்த கார்ட்ரிட்ஜ் ஸ்க்ராட்ச் செய்வோரின் செல்லப்பிள்ளை ஆனதற்குக் காரணங்கள் இரண்டு: பள்ளத்தை விடாத பிடிவாதம், 9.5 மில்லிவோல்ட் என்ற உரத்த குரல். வீட்டு கார்ட்ரிட்ஜ்கள் பலவும் ஐந்தைத் தாண்டுவதில்லை. ஆனால் 2018-ல் ஷூர் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பெட்டி கைவசம் இருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை. ஜப்பானின் ஜிகோ நிறுவனம் அதற்குப் பொருந்தும் ஊசியைத் தயாரிக்கிறது. கலங்க வேண்டியது போலிகளைக் கண்டு. நின்றுபோன சரக்கின் பெயரில் பளபளப்பான அட்டைப்பெட்டியில் வரும் மலிவு ஊசியில் வைரம் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால், அது தட்டின் ஒரு பக்கச் சுவரை மட்டும் அரைத்துத் தள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு டென்மார்க்கின் ஆர்டோஃபோன் கன்கார்ட் வசதியானது. பெட்டியும் அதைத் தாங்கும் தலையும் ஒரே உருப்படி. திருகாணி வேலையே இல்லை. எதை வாங்கினாலும் ஜோடியாக வாங்குங்கள். இரண்டு டர்ன்டேபிளில் இரண்டு வகை கார்ட்ரிட்ஜ் இருந்தால் பாட்டு மாறும்போதெல்லாம் சத்தமும் ஏறி இறங்கும்.

அடுத்தது எடை. ஊசி தட்டை எவ்வளவு கனத்தில் அழுத்த வேண்டும் என்பதை தயாரிப்பாளரே கிராம் கணக்கில் சொல்லியிருப்பார். எம்44-7-க்கு 1.5 முதல் 3 வரை. ஸ்க்ராட்ச் செய்யத் தயாரான வேறு சில ஊசிகளுக்கு 4 வரை போகும். நம் வீடுகளில் ஊசி தாவினால் தலையின்மேல் நாலணாவை வைப்பது வழக்கமாக இருந்தது. அந்த எவர்சில்வர் நாலணாவின் எடை சுமார் 2.8 கிராம். 3 கிராமில் ஓட வேண்டிய ஊசி கிட்டத்தட்ட இரட்டைப் பாரத்தில் ஓடியது என்று பொருள். நாலணா 2011-ல் செல்லாமல் போனது, பழக்கம் போகவில்லை. இப்போது ஒரு ரூபாயை வைக்கிறார்கள். தாவும் ஊசிக்கு மருந்து நாணயமல்ல. மேஜை ஆடுகிறதா, ஊசியில் தூசு அடைத்திருக்கிறதா, ஊசி தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

வைரம் தேயுமா? தேயும். எல்.பி. தட்டு ஒரு நிமிடத்தில் 33 முறைக்கு மேல் சுற்றுகிறது. அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்தில் ஊசி கடக்கும் தூரம் சுமார் 1.3 கிலோமீட்டர். 500 மணி நேரத்தில் 650 கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னையிலிருந்து ஹைதராபாத். கூம்பு ஊசிக்கு அந்த 500 மணி நேரத்தைப் பொதுவான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வாரம் எட்டு மணி நேரம் ஓடினால் ஓராண்டுக்குச் சற்று அதிகம். ஸ்க்ராட்ச் செய்பவருக்கு இதுவும் குறையும். ஓடிய தூரத்தையே மறுபடி மறுபடி ஓடுவது அவர் ஊசி. தேய்ந்த வைரம் மழுங்குவதோடு நிற்பதில்லை. இரு பக்கமும் தட்டையாகி விளிம்பு கட்டி உளிபோல் ஆகிறது. ‘ச’, ‘ஷ’ ஓசைகள் இரைந்தால், பாட்டின் உச்சத்தில் கரகரத்தால், ஊசியின் நுனியில் கறுப்புத் துகள் சேர்ந்துகொண்டே இருந்தால், உளி வேலையைத் தொடங்கிவிட்டது. காது கண்டுபிடிக்கும் நேரத்தில் சில தட்டுகள் போயிருக்கும். ஆகவே ஊசி வாங்கிய தேதியை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி டர்ன்டேபிளின் அடியில் ஒட்டி வையுங்கள்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. முதலில் சத்தத்தை முழுக்கக் குறையுங்கள். தலையைக் கையிலிருந்து கழற்றுங்கள். எம்44-7 போன்றவற்றில் ஊசியின் பிளாஸ்டிக் பிடியைப் பிடித்து நேராக முன்பக்கம் இழுத்தால் வந்துவிடும்; புதியதை அதே வழியில் செருகலாம். வைரம் இருக்கும் தண்டில் விரல் படக்கூடாது.

கார்ட்ரிட்ஜையே மாற்றுபவர் நான்கு வண்ணக் கம்பிகளைக் கவனிக்க வேண்டும். வெள்ளையும் நீலமும் இடது பக்க ஒலிக்கு. சிவப்பும் பச்சையும் வலது பக்கத்துக்கு. ஒரு ஜோடி மட்டும் தலைகீழானால் பாட்டு கேட்கும், ஆனால் பேஸ் கரைந்துபோகும். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வைத்திருப்பவர்கள் தலை கையோடு சேரும் விளிம்பிலிருந்து ஊசி முனை வரை 52 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து, பிறகு திருகாணியை இறுக்கட்டும்.

கடைசியாக எடை. கையின் பின்னாலிருக்கும் குண்டைத் திருகி, கை தராசு முள்போல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். குண்டை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி, தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிறுத்துங்கள். கையை ஓரத்துக்கு இழுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் விசையை ஸ்க்ராட்ச் செய்பவர்கள் பூஜ்யத்தில் விடுவதே வழக்கம். தினசரி பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை: மெல்லிய தூரிகையால் ஊசியைப் பின்னிருந்து முன்னாக ஒரே திசையில் வருடினால் போதும்.

ஒரு ஊசியின் விலை சமயத்தில் கார்ட்ரிட்ஜ் விலையில் பாதியைத் தாண்டும், கசக்கத்தான் செய்யும். பையில் நூறு தட்டுகளோடு கிளப்புக்குக் கிளம்புபவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த நூறையும் இன்றிரவு தொடப்போவது ஒரு ஜோடி ஊசிகள்தான்.