தத்துக் கொடுக்கும் நாயின் முதல் ரசீது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தடுப்பூசி அட்டை ஒன்றை என் மேசையில் வைத்தார். நீலப் பேனாவில் ஒரு தேதி, அதன் பக்கத்தில் சுழித்த கையெழுத்து. ஸ்டிக்கர் ஒட்டும் கட்டம் வெறுமையாக இருந்தது. மருந்தின் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. அவர் கையில் பழைய துண்டில் சுற்றிய குட்டி. வயது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், எடை 2.4 கிலோ. ஞாயிற்றுக்கிழமை தத்து முகாமில் மகளுக்காக வாங்கி வந்தது. வியாழன் இரவு வாந்தி, வெள்ளி காலை ரத்தக் கழிச்சல். கிட் போடும் முன்பே வாடை சொல்லிவிட்டது: பார்வோ.

“எத்தினி நாளு சார் டிரிப்ஸ் ஏத்தணும்?”

“நாலஞ்சு நாள் ஆகுங்க.”

“எவ்ளோ சார் ஆவும்?”

சொன்னேன். அவர் குட்டியின் காதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சும்மாதான் சார் குடுத்தாங்க. இவ்ளோ ஆவும்னு யாரும் சொல்லலையே” என்றார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் என்னைத்தான் வந்து தைத்தது. அதே முகாமில் காலையில் இரண்டு மணி நேரம் நின்று குட்டிகளின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். “நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்று எத்தனையோ பேரிடம் சொன்னேன். பார்வோ பெரும்பாலும் தொற்றிய மூன்றிலிருந்து ஏழு நாளில் வெளிப்படும் என்று எனக்குத் தெரியும். ஞாயிறன்று துள்ளும் குட்டி வெள்ளியன்று சுருண்டு விழலாம் என்றும் தெரியும். ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. முகாமின் மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை.

இந்த இதழைப் படிக்கும் சிறு பிராணி மருத்துவர்களில் பலரும் இதே இடத்தில் நின்றிருப்பீர்கள். காப்பகத்திலிருந்து எடுக்கும் நாயின் செலவைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சரியாகச் சொன்னால், அந்தச் செலவை நாய் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே நம் வாயால் சொல்ல வேண்டும்.

பேச இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. சென்னை மாநகராட்சியின் 2018 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 57 ஆயிரமாக இருந்த தெருநாய்கள் 2024இல் 1.8 லட்சமாகிவிட்டன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லி நாய்கள் குறித்த தன் முந்தைய ஆணையைத் திருத்தியபோது, விரும்புகிறவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்துத் தெருநாய்களைத் தத்தெடுக்கலாம் என்றது. அப்படி எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சேர்த்துச் சொன்னது. அதன் பிறகு தத்தெடுப்பு என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எடுத்த நாயைத் திருப்பி விடக் கூடாது என்றால், எடுக்கும்போதே செலவு தெரிந்திருக்க வேண்டாமா?

இதில் நம் மக்கள் அறியாத முடிச்சு ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குக் கருத்தடை விதிகளின்படி, தெருவில் திரியும் நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் கடமை. வீட்டு நாய்க்கு அவை வளர்ப்பவரின் கடமை. அதாவது, தெருவில் இருந்தவரை அந்த நாய்க்கு இலவசமாகக் கிடைக்க வேண்டியது, ஒரு வீட்டு வாசற்படி ஏறிய அன்றே அந்த வீட்டின் செலவாகிவிடுகிறது. எங்கள் பகுதித் தனியார் கிளினிக்குகளில் பெண் நாய்க்குக் கருத்தடை ஏழாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஆகிறது. கருத்தடை ஆகாத பெண் குட்டியை நல்ல மனதோடு எடுத்துப்போகும் குடும்பத்துக்கு, ஆறேழு மாதத்தில் இந்தத் தொகை காத்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. முதல் பருவம் வந்து, தெருவே வாசலில் கூடிய பிறகுதான் நம்மிடம் ஓடி வருகிறார்கள்.

அடுத்து தடுப்பூசி. கூட்டுத் தடுப்பூசி ஒரு டோஸ் 700 முதல் 1,000 ரூபாய். ஆறு அல்லது எட்டாம் வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் நிறையும்வரை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பணுக்கள் எந்தக் குட்டிக்கு எப்போது வற்றும் என்று யாராலும் சொல்ல முடியாததால்தான் இத்தனை டோஸ். இதை நாம் வளர்ப்பவருக்கு விளக்குவதில்லை. விளக்காததால், “ஒரு ஊசி போட்டாச்சு, போதும்” என்று நின்றுவிடுகிறார்கள். கடைசி டோஸ்தான் பல குட்டிகளுக்கு உண்மையில் பிடிக்கும் டோஸ். அதைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள்.

இங்கேதான் அந்த வெற்றுக் கட்டத்துக்கு வருகிறேன். காப்பகம் ஒரு டோஸ் போட்டிருக்கிறது. அட்டையில் தேதி இருக்கிறது, ஸ்டிக்கர் இல்லை. போட்டது கூட்டுத் தடுப்பூசியா, பார்வோவுக்கு மட்டுமா, வெறிநோய்க்கா? உயிருள்ள நுண்ணுயிரா, கொன்றதா? தெரியாது. தெரியாதபோது நாம் என்ன செய்கிறோம்? முதலிலிருந்து தொடங்குகிறோம். மருத்துவ முறைப்படி அதுவே சரி. ஆனால் அந்த ஒரு டோஸ் காசை இரண்டு பேர் செலவழிக்கிறார்கள்: நன்கொடையில் ஓடும் காப்பகம் ஒரு முறை, வளர்ப்பவர் ஒரு முறை. குப்பியோடு வரும் ஸ்டிக்கரை உரித்து ஒட்ட ஐந்து நொடி ஆகாது. ஒட்டாமல் விடுவது காப்பகத்து ஊழியர் மட்டுமல்ல. ஊசி போட்டுக் கையெழுத்திடுவது நாம்.

கருத்தடையிலும் இதே கதை. காதில் வெட்டு இருக்கிறதா, வயிற்றில் தழும்பு தெரிகிறதா என்று தேடிப் பார்த்து, தெரியாமல், ஸ்கேன் எடுத்து, அப்போதும் உறுதியில்லாமல் வயிற்றைத் திறந்து, உள்ளே கருப்பை இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த நாய்க்கு மயக்க மருந்தே தேவைப்பட்டிருக்காது.

செலவைக் குறைக்க நம் கையில் இருக்கும் பெரிய வழி, எந்த நாயை எடுப்பது என்ற அறிவுரை. நம் குடும்பங்கள் குட்டியைத்தான் கேட்கின்றன. “சின்னதா இருந்தாத்தான் பழகும் டாக்டர்.” இதை நாம் மறுத்துப் பேச வேண்டும். இரண்டு வயதைத் தாண்டிய நாட்டு நாயைப் பாருங்கள். பார்வோ கண்டத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் கருத்தடை முடிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு உயிருள்ள கூட்டுத் தடுப்பூசி ஒரே டோஸ் பொதுவாகப் போதும் என்பது உலகச் சிறு பிராணி மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். எவ்வளவு வளரும் என்று ஊகிக்க வேண்டாம், கண்முன்னே நிற்கிறது. குழந்தைகளோடு எப்படி இருக்கும், சத்தத்துக்கு மிரளுமா என்பதைக் காப்பகத்து ஆள் சொல்லிவிடுவார். பதினைந்து கிலோ நாட்டு நாய்க்கு முப்பது கிலோ லாப்ரடாருக்கு ஆகும் சாப்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் வேண்டும். வீட்டுச் சோறு, கோழி ஈரல், முட்டை என்று ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கொடுத்தால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு விற்கும் பாக்கெட் உணவு இல்லாமலும் அது நன்றாக வாழும். காப்பகங்களில் வருஷக்கணக்கில் காத்திருப்பவை இந்த நாய்கள்தாம். வரவேற்பறையில் குட்டியைப் பற்றி விசாரிக்கும் குடும்பத்திடம் இரண்டு நிமிடம் இதைச் சொல்வது நம் தொழிலின் பகுதி என்றே நினைக்கிறேன்.

வளர்ந்த நாய்க்குச் செலவே இல்லை என்று சொல்லவில்லை. நம் ஊர் உண்ணி அப்படி விடாது. எர்லிக்கியா வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். அதற்கு டாக்சிசைக்ளின் நான்கு வாரம், அது மலிவு. பேபீசியா கிப்சோனி என்றால் அட்டோவகோனும் அசித்ரோமைசினும் பத்து நாள், அது மலிவல்ல. நாய் வீட்டுக்குப் போகும் முன் ஒரு ரத்தப் பூச்சும் தட்டணு எண்ணிக்கையும் பார்த்துவிட்டால் பின்னால் வரும் பெரிய ரசீதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதோடு பிறப்புறுப்பை ஒரு முறை சோதியுங்கள். பரவும் பாலுறுப்புக் கட்டியை ஆரம்பத்திலேயே பிடித்தால் வாராவாரம் வின்கிரிஸ்டின் நான்கு முதல் ஆறு முறை, முடிந்தது. எல்லாப் பரிசோதனையையும் எழுதித் தள்ளச் சொல்லவில்லை. முதல் நாளே ஐயாயிரம் ரூபாய்க்குச் சோதனைச் சீட்டு கொடுத்து அனுப்பினால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை வராது. வராத நாய்க்கு எந்தச் சோதனையாலும் பயனில்லை.

காப்பகங்கள் கட்டணம் வாங்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். “நாயை விக்கிறீங்களா?” என்று கேட்டு அவர்களைக் கூசச் செய்கிறவர்கள் உண்டு. 1959இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் முதல், நேற்று நான்கு இளைஞர்கள் மொட்டை மாடியில் தொடங்கிய மீட்புக் குழு வரை, எல்லோருக்கும் ஒரே நெருக்கடிதான்: போன நாயால் காலியான கூண்டு அன்று மாலையே நிரம்பிவிடும். கட்டணம் வாங்குவதில் தவறு இல்லை என்பதே என் கருத்து. ஆனால் கட்டணம் ஏழையை வாசலிலேயே நிறுத்திவிடக் கூடாது. நான் பார்த்தவரை, நாயை உயிராய் வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வங்கிக் கணக்கில் ஒன்றும் இருக்காது. ஆகவே கட்டணத்துக்குப் பதில் முன்பணம் என்று வைக்கலாம். பதினாறாம் வார டோஸுக்கு நாயைக் கொண்டுவந்தால் பாதி திரும்பக் கிடைக்கும், கருத்தடை முடிந்தால் மீதி. அந்தப் பணத்தைக் காப்பகமே நம் கிளினிக்கில் கட்டி வைத்தாலும் சரி. அதுபோக, சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் வெறிநோய்த் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இலவசம், உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். நம் வருமானம் குறையுமே என்று யோசிக்காமல் அந்த முகவரியை எழுதிக் கொடுப்போம்.

ஆட்டோ ஓட்டுநர் ஐந்து நாளும் வந்தார். ஒவ்வொரு இரவும் வண்டியை நிறுத்திவிட்டு, அன்றைய ஓட்டத்தில் கிடைத்ததை, பெரும்பாலும் பத்தும் இருபதுமாக, மேசையில் எண்ணி வைத்தார். மூன்றாம் நாள் குட்டி தலை தூக்கியது. நான்காம் நாள் வாந்தி நின்றது. ஐந்தாம் நாள் மகளும் கூட வந்தாள். வீட்டுத் தரையைப் பிளீச்சிங் திரவத்தில், ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவச் சொல்லியிருந்தேன். “ரெண்டு தடவ கழுவிட்டேன் டாக்டர்” என்றாள். சிகிச்சை கிடைத்தால் பார்வோ குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. கிடைக்காவிட்டால் பெரும்பாலானவை சாகின்றன. இடையில் இருப்பது அந்தப் பத்தும் இருபதும்தான். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே நான் வாய் திறந்திருந்தால், அவர் முதல் வாந்திக்கே, வியாழன் இரவே, வந்திருப்பார். ஒரு நாள் முன்னால் தொடங்கும் சிகிச்சைக்குச் செலவும் குறைவு, ஆபத்தும் குறைவு.

அதனால் எங்கள் கிளினிக்கில் இப்போது ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறோம். தத்தெடுக்க நினைப்பவர் நாயில்லாமல் வந்து உட்கார்ந்தாலும் பத்து நிமிடம் பேசுகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. முதல் மாதம் என்ன ஆகும், முதல் வருடம் என்ன ஆகும், திடீரென்று படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று தொகையை எழுதிக் கையில் கொடுக்கிறோம். சிலர் தாளைப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் என்று எழுந்து போகிறார்கள். முதலில் எனக்கு அது வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை. ஆறு மாதம் கழித்து நாயைக் காப்பகத்து வாசலில் கட்டிவிட்டுப் போவதைவிட இன்று எழுந்து போவது நாய்க்கு நல்லது.

அடுத்த ஞாயிறு உங்கள் ஊரில் முகாம் இருந்தால் போங்கள். குட்டியைக் கையில் கொடுக்கும் முன், வரும் பத்து நாளில் வாந்தியோ கழிச்சலோ வந்தால் அன்று இரவே தூக்கி வரச் சொல்லுங்கள், எவ்வளவு ஆகும் என்பதையும் சொல்லுங்கள். ஊசி போட்டீர்களானால் குப்பியின் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுங்கள், தேதி போடுங்கள், உங்கள் பெயரையும் பதிவு எண்ணையும் படிக்கும்படி எழுதுங்கள்.