வீரர் குழாமும் இளஞ்சிறாரும்

1993-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய 'மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ்' என்னும் தொடர் இளஞ்சிறார்க்கு ஏற்றதோ? ஏற்றதே என்பார் அதன் அறத்தை எடுத்துக்காட்டுவர். ஐந்து இளைஞர்க்கும் ஆற்றல் நல்கும் சோர்டன், அதனைத் தன்னலத்திற்குப் பயன்படுத்தலாகாது என்றும், பகைவர் வலிந்து தூண்டினாலன்றிப் போரை வளர்த்தலாகாது என்றும் விதிக்கின்றார். நல்விதியே, ஐயமில்லை. ஆயினும் விதி தொடக்கத்திற் செவிப்படுகின்றது; உதையோ கதைதோறும் கண்முன் நிகழ்கின்றது. நாலைந்து வயதுக் குழந்தை கேட்டதை மறக்கும். கண்டதைச் செய்து பார்க்கும். வன்முறை பற்றிய முறையீடுகளால் நியூசிலாந்தில் 1994-இல் இத்தொடர் நிறுத்தப்பெற்றது. முற்றும் விலக்குதல் எனக்கு உடன்பாடன்று. எட்டு வயது நிரம்பியோர் பெரியோர் அருகிருக்கக் காண்க. அவரினும் இளையோர்க்கு வேண்டா. வலிமையைக் காட்டுமுன் அதனை அடக்குந் திறத்தைக் கற்பித்தல் மூத்தோர் கடனன்றோ?