ஸுஸு: அழுக்கன்று, காலம்

புகைக்கரியை ஜப்பானியர் 'ஸுஸு' என்பர். ஹைக்கூவில் வரும் இச்சொல்லைத் தமிழில் 'தூசி' என்றோ 'அழுக்கு' என்றோ பெயர்த்துவிட்டுக் கடந்து செல்வது எளிது. அப்படிக் கடக்கும்போது நாம் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று.

பழைய ஜப்பானியக் கிராம வீட்டில் தரையின் நடுவே 'இரோரி' என்னும் அடுப்புக்குழி இருக்கும். புகைபோக்கி கிடையாது. புகை மேலேறி உத்தரங்களையும் கூரையையும் கறுப்பாக்கும். கூரை வேய்ந்த புல்லைப் பூச்சி அரிக்காமல் காப்பதும் அப்புகையே. நூறாண்டுக்கு மேல் அதில் ஊறிப் பழுப்பேறிய மூங்கிலுக்கு 'ஸுஸுதகே' என்று பெயர். தேநீர்ச் சடங்கின் கருவிகள் செய்ய அதைத் தேடி வாங்குகிறார்கள். 'ஸுஸுகேரு' என்னும் வினைச்சொல்லுக்குக் கரி படிதல் என்பதோடு, பழமையேறி நிறம் மங்குதல் என்றும் பொருளுண்டு. ஆக, ஸுஸு என்பது ஒரு வீட்டில் மனிதர் வாழ்ந்த காலத்தின் படிவு.

எதோ காலத்தில் பன்னிரண்டாம் மாதம் 13ஆம் நாள் கோட்டை முதல் குடிசை வரை இக்கரியைத் துடைத்துப் புத்தாண்டுத் தெய்வத்தை வரவேற்க ஆயத்தமாவார்கள். 'ஸுஸுஹராய்' எனப்படும் இச்சடங்கு, ஹைக்கூ மரபில் ஆண்டிறுதியைச் சுட்டும் பருவச்சொல். பயணத்தில் இருந்துகொண்டு, ஊரார் கரி துடைப்பதைக் காண்பதாக பாஷோ ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதில் 'வீடு துடைத்தல்' என்று மட்டும் போட்டால் ஆண்டின் முடிவும் போய்விடுகிறது. துடைக்கத் தனக்கென ஒரு வீடில்லாத வழிப்போக்கனின் தனிமையும் போய்விடுகிறது.

'போகி' என்று போடலாமே எனச் சிலர் கேட்கக்கூடும். நெருக்கமான சொல்தான். ஆனால் போகி என்றதும் தமிழ் வாசகன் மனத்தில் எழுவது பழையதை எரிக்கும் தீ. ஸுஸுஹராயில் தீயில்லை, பழைய உத்தரம் அதே இடத்தில் இருக்க, அதன்மேல் படிந்த ஓராண்டு மட்டுமே துடைக்கப்படுகிறது. நம் பண்டிகையை அங்கே கொண்டுபோய் வைப்பது வாசகனுக்குச் செய்யும் உதவியாகாது.

இத்தகைய இடங்களில் மூலச்சொல்லை அப்படியே வைத்து, கீழே ஒரு வரிக் குறிப்புத் தருவதே நேர்மை என்பது நம் கருத்து. மூன்றே வரிக் கவிதைக்கு அடிக்குறிப்பு பாரம் என்பார்கள். பருவச்சொல்லை இழந்த ஹைக்கூ அதைவிடப் பெரிய பாரம். விளக்குக்கரியையும் பைன்மரக்கரியையும் பசையில் குழைத்துச் செய்த மையால்தான் அக்கவிஞர்கள் எழுதினார்கள். கரியை வெறும் அழுக்கென்று அவர்கள் எண்ணியிருக்க முடியாது. நாமும் அப்படிப் பெயர்க்க வேண்டியதில்லை.