செவிலிய ஆசிரியர்க்குத் தமிழ் வேண்டும்

நோயுற்றார் தம் நோவைத் தாய்மொழியிலேயே முனகுகின்றனர். அவர்க்கு ஆறுதல் கூறும் செவிலியரும் தமிழிலேயே பேசுகின்றனர். ஆயின், அச்செவிலியர்க்குக் கற்பிக்க விரும்புவார் மட்டும் ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் தேர்வெழுதி, ஆங்கிலத்தில் ஆய்தல் வேண்டுமாம்! இம்முரண்பாட்டை நம்மவர் இன்னும் எண்ணிப் பார்த்திலர்.

செவிலியக் கல்லூரியில் விரிவுரையாளராதற்கு முதுநிலைப் பட்டம் இன்றியமையாதது. காரைக்கால் நெடுங்காட்டு உழவர்குடிப் பெண்ணொருத்தி பட்டயச் செவிலியாகத் தொடங்கி அந்நிலையை எய்த, 3 ஆண்டுப் பட்டயம், 2 ஆண்டுப் பட்டம், 2 ஆண்டு முதுநிலை என 7 ஆண்டு கற்றல் வேண்டும். இடையே பணிப் பட்டறிவும் வேண்டும். கற்பிப்பார்க்கு ஆழ்ந்த கல்வி வேண்டுவதே. நாம் மறுப்பது அதன் உயர்வையன்று. அதன் வாயிலுக்கு இட்டிருக்கும் ஆங்கிலத் தாழையே.

முதுநிலை ஆய்வேடு உருவாகும் முறையைப் பாருங்கள்! நீரிழிவு பற்றியோ மகப்பேறு பற்றியோ ஊர்ப்பெண்டிரை வினவுதற்கு வினாப்பட்டியைத் தமிழாக்குகின்றனர். விடைகளைத் தமிழிலேயே பெறுகின்றனர். பின்னர் முடிவுகளை ஆங்கிலத்தில் எழுதி நூலகப் பேழையில் அடுக்குகின்றனர். விடை தந்த பெண்டிர்க்கு அம்முடிவு என்றேனும் எட்டுமோ?

தமிழில் மருத்துவம் இயலாதென்பார் வரலாறு அறியாதார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 33 மாணாக்கரைத் தமிழ்வழியே மருத்துவராக்கினார். கடல்கடந்து வந்தவர்க்கு இயன்றது, தமிழராகிய நமக்கு இயலாதோ? 1954-இல் பிரெஞ்சு ஆட்சி காரைக்காலை விட்டகன்றது. கல்லூரியிலோ அயன்மொழி ஆட்சி இன்னும் அகன்றிலது.

ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கட்டும். வெளிநாட்டுப் பணிக்கும் பிறநாட்டார் ஆய்வுகளை அறிதற்கும் அஃது உதவும். ஆயினும், முதுநிலைச் செவிலியப் பாடநூல்களைத் தமிழில் ஆக்குதலும், ஆய்வேட்டைத் தமிழில் எழுத இசைவளித்தலும் புதுவையரசும் தமிழ்நாட்டரசும் உடனே மேற்கொள்ளவேண்டிய கடன்களாகும்.

ஆசிரியராக விழையும் செவிலிய உடன்பிறப்புகளே! அரசு எழும்வரை காத்திராதீர்! உங்கள் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் உறங்கும் வினாப்பட்டிகளிலேயே நூற்றுக்கணக்கான தமிழ்ச்சொற்கள் உள்ளன. அவற்றைத் தொகுத்து ஒரு சொற்றொகுதி ஆக்குங்கள். ஆய்வு முடிவுகளைத் தமிழில் சுருக்கி, விடைதந்த ஊருக்கே சென்று படித்துக் காட்டுங்கள். அன்று தொடங்கும் தமிழ்வழிச் செவிலியக் கல்வி!