பேத்திக்கு நான் தைத்த கவுனும் ஊர் சிரித்த சிரிப்பும்

இந்த வாரம் மல்லாட்டை விலை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் பார்ப்போம். இப்போது மனசுல வேற ஒண்ணு கொதிச்சுக்கிட்டு இருக்கு. ஒரு கவுன் விவகாரம். படிச்சு முடிச்சதும் சிலருக்கு என்மேல் கோபம் வரலாம். வரட்டும்.

சித்ரா பௌர்ணமிக்கு கிரிவலம் சுத்த மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வேங்கிக்காலுக்கு வந்தாங்க. பேத்திக்கு 4 வயசு. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நம்ம ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மலையே பாறை, பகலெல்லாம் காய்ந்து ராத்திரியில் அனலைத் திருப்பி நம்ம மேலேயே விடும். அந்த வெயிலில் குழந்தை போட்டிருந்தது ஒரு நெட் கவுன். மூணு அடுக்கு நெட், அதுக்குள்ள வழுவழுன்னு ஒரு லைனிங், இடுப்பில் துணி ரோஜா, முதுகில் ஜிப்பு, கழுத்தைச் சுத்தி ஜமிக்கி. விலை 1,450 ரூபாய் என்று மகள் பெருமையாகச் சொன்னாள். போட்டோவில் பார்த்தால் தேவதைதான். நான் இல்லேன்னு சொல்லல.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பாதி தூரம் மாப்பிள்ளை தோளிலும் பாதி தூரம் என் தோளிலும் குழந்தை அழுதுகிட்டே வந்தது. பசி என்று நினைத்தோம், தூக்கம் என்று நினைத்தோம். கூட்டத்தைப் பார்த்து பயம் என்றுகூட நினைத்தோம். வீட்டுக்கு வந்து கவுனைக் கழட்டினால் கழுத்து, அக்குள், முதுகு எல்லாம் வியர்க்குரு, சிவசிவன்னு. ஜிப்பு ஓரம் உரசிய இடத்தில் தோலே பிய்ந்திருந்தது. நாலு மணி நேரம் அந்தக் குழந்தை தனக்குத் தெரிஞ்ச ஒரே பாஷையில் நம்மகிட்ட சொல்லிக்கிட்டே வந்திருக்கு. பெரியவங்க நாலு பேருக்கும் புரியல.

மறுநாள் என் வீட்டுக்காரி நுங்குத் தண்ணியைத் தடவிவிட்டு, பெட்டியில் இருந்து என் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்தாள். பத்து வருஷமாகத் துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட வேட்டி. "இதுல ரெண்டு கவுன் வரும்"னா. ஆனால் அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகிறது, ஊசியில் நூல் கோர்க்க முடியல. "நான் சொல்றேன், நீங்க மிதிங்க" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த உஷா மிஷின் டிவிக்கு மேஜையாக நின்றிருந்தது. டிவியை இறக்கினேன், எண்ணெய் விட்டேன், உட்கார்ந்தேன்.

வாசலில் மிஷின் போட்டு நான் மிதிப்பதைப் பார்த்து தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பங்காளி ஒருத்தர் கேட்டார், "இன்னாய்யா, வேட்டியைக் கிழிச்சுக் கவுன் தைக்கிறே, மல்லாட்டை வெலை அவ்ளோ எறங்கிப் போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாயங்காலம் மகள் சொன்னதுக்குத்தான் சிரிப்பு வரல. "அப்பா, வீட்டுக்குள்ள போட்டுக்கட்டும். வெளியில போட்டுட்டுப் போனா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க?"

இந்தக் கேள்வியோடுதான் என் சண்டை. மகளோடு இல்லை.

முதலில் வெயில் கணக்கு. பருத்தி நூல் சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. அது பெட்ரோலியத்தில் இருந்து வருகிற சரக்கு. தண்ணி பாட்டில் செய்வதும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். வியர்வை துணியில் ஏறி காற்றில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும். லைனிங்கும் மேலே மூணு அடுக்கும் போட்டு மூடினால் வியர்வை எங்கே போகும்? தோலிலேயே தேங்கி வியர்க்குருவாகும். விளையாட்டுக்காரங்க போடும் பனியனும் பாலியஸ்டர்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது ஒற்றை அடுக்கு, காற்று போக ஓட்டை ஓட்டையாகப் பின்னிய துணி. பிறந்தநாள் கவுன் அப்படியா இருக்கு?

இன்னொன்று நெருப்பு. பருத்தியும் எரியும், மறுக்கல. ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீபாவளிக்குத் தீபாவளி பருத்தித் துணி போட்டுப் பட்டாசு வெடியுங்கள் என்று சொல்வது இதனால்தான். கார்த்திகை தீபத்துக்கு வாசல் முழுக்க அகல் ஏத்துகிற ஊர் நம்முடையது. அகலுக்கு நடுவில் தரையைக் கூட்டுகிற நெட் பாவாடையோடு குழந்தையை ஓடவிடுகிறோம்.

அடுத்தது ஒரு விவசாயியாக நான் கண்ணால் பார்த்தது. வேட்டி வெட்டினதில் மிஞ்சின துண்டுகளைக் குப்பைக் குழியில் போட்டால் நாளாவட்டத்தில் மக்கி எருவோடு எருவாகிவிடும். போன வருஷம் ஏர் ஓட்டும்போது கலப்பை முனையில் ஒரு ஜமிக்கித் துணி மாட்டியது. எத்தனை வருஷத்துக்கு முன்னே எருவோடு வந்ததோ, மண்ணைத் தட்டினால் ஜமிக்கி அப்படியே மின்னுது. யார் வீட்டுக் குழந்தை எத்தனை தடவை போட்டதோ, தெரியாது. நிலத்தில் அதுக்குச் சாவே இல்லை.

இப்போது காசு. கவுன் 1,450. குழந்தை போட்டது மொத்தம் ரெண்டு தடவை. அடுத்த வருஷம் பத்தாது. நான் தைத்ததுக்கு வேட்டி பழசு, நூலும் நாடாவும் 35 ரூபாய். பழைய வேட்டி இல்லாதவர்கள் கோ-ஆப்டெக்ஸில் போய்க் கேளுங்கள். 1935-ல் நெசவாளிகளுக்காகத் தொடங்கிய சங்கம் அது. மீட்டர் கணக்கில் பருத்தித் துணி கொடுப்பார்கள். 4 வயசுக் குழந்தைக்கு ஒண்ணேகால் மீட்டர் தாராளம்.

தைக்கிறதும் பெரிய வித்தை இல்லை. புதுத் துணியாக இருந்தால் முதலில் தண்ணியில் நனைத்துக் காயப்போடுங்கள், பருத்தி சுருங்கும். குழந்தைக்குத் தொளதொளவென்று இருக்கிற பழைய கவுன் ஒன்றைத் துணிமேல் விரித்து, சுத்தி ஒரு இஞ்ச் விட்டு கோடு போட்டு வெட்டுங்கள். கைக்குழியை நல்லா இறக்கி வெட்டுங்கள், காற்று போகிற வழி அதுதான். கையே வேண்டாம், தோளில் நாடா வைத்துக் கட்டினால் போதும். ஜிப்பு வேண்டாம். உள்பக்கம் பிசிறு தோலில் படாமல் ரெண்டு மடிப்பாக மடித்து அடியுங்கள். கீழே மூணு இஞ்ச் மடித்து விடுங்கள், அடுத்த சித்திரையில் பிரித்துவிட்டால் குழந்தையோடு கவுனும் வளரும். கடைக் கவுன் எதுக்காவது இந்த மூணு இஞ்ச் விடுகிறார்களா? விடமாட்டார்கள். அடுத்த வருஷமும் நீங்கள் கடைக்கு வரவேண்டாமா?

"எல்லாம் சரி தாத்தா, வீட்டில் தைக்கச் சொன்னால் அந்த வேலையும் பொம்பளைங்க தலையில்தானே விழும்?" என்று ஒரு தங்கச்சி போனில் கேட்டது. இருக்கிற வாதத்திலேயே இதுதான் பலமானது. சமையல், மாடு, களை, நூறு நாள் வேலை, அதுக்கு மேலே தையலுமா? கூடாது. அதனால்தான் நான் மிதித்தேன். ஒன்று கவனித்தீர்களா? டவுனில் தையல் கடைகளைப் பாருங்கள், மிஷினில் உட்கார்ந்திருப்பது பாதிக்கு மேல் ஆம்பளைங்கதான். கூலிக்குத் தைத்தால் டெய்லர், மரியாதை. வீட்டுக்குச் சும்மா தைத்தால் பொம்பளை வேலை, சிரிப்பு. என்ன நியாயம் இது? மிஷின்களைப் பொதுவாகச் சந்தேகப்பட்ட காந்தி, 1924-ல் இந்தப் பேச்சு வந்தபோது சிங்கர் தையல் மிஷினை மட்டும் விதிவிலக்காகச் சொன்னார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பால் செய்தது என்று காரணமும் சொன்னார். நம்ம வீட்டில் சீதனமாக வந்த மிஷினுக்கு முன்னாடி ஒரு ஆம்பளை உட்கார 30 வருஷமும் ஒரு கண் ஆபரேஷனும் வேண்டியிருந்தது. என்னைத்தான் சொல்றேன்.

யாருக்குமே நேரம் இல்லையா? துணியை வாங்கித் தெருவில் தைக்கிற அக்காவிடம் கொடுங்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் இருக்கிற திட்டத்தில் ஆதரவற்ற பெண்களுக்கும் விதவைகளுக்கும் அரசு தையல் மிஷின் கொடுக்கிறது. கொடுத்த மிஷின் ஓடவேண்டுமானால் நாம்தானே துணி கொடுக்கவேண்டும்? நீங்கள் கொடுக்கிற 150 ரூபாய் கூலி நம்ம தெருவிலேயே அரிசியாகும், பால் காசாகும்.

கடைசியாக, "இன்னான்னு நெனைப்பாங்க". இதை மகளிடம் சொல்லல, இங்கே சொல்கிறேன். நான் ஏழாவது படிக்கும்போது எங்க அம்மா அப்பாவின் வேட்டியில் எனக்கு ஒரு சட்டை தைத்தாங்க. மிஷின் கிடையாது, கையாலேயே, விளக்கு வெளிச்சத்தில். பள்ளிக்கூடத்தில் பசங்க "வேட்டி சட்டை, வேட்டி சட்டை" என்று கத்தினாங்க. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையைக் கழட்டி அம்மா முன்னாடி எறிந்தேன். அம்மா ஒண்ணும் சொல்லல. எடுத்து மடித்து வைத்தாங்க. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் தைக்கல. கடன் வாங்கிக் கடைச் சட்டை எடுத்தாங்க. அந்தக் கடனை எப்படி அடைத்தாங்க என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவங்க போய் 19 வருஷம் ஆச்சு, இனி கேட்கவும் முடியாது.

அன்றைக்கு அந்தப் பசங்க சொல்லிக்கொடுத்த வெட்கத்தைத்தான் இன்றைக்குக் கடைக்காரன் 1,450 ரூபாய்க்கு விற்கிறான். நாம் வாங்கி நாலு வயசுக் குழந்தைக்குப் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம். நம்ம பெருமைக்கு வியர்ப்பது அந்தக் குழந்தை. ஏழையாக இருப்பது குற்றமா? பழந்துணி போட்டால்தான் ஏழையா? பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில் ஏந்தி, பழைய புடவையில் தூளி கட்டித் தூங்கவைத்த ஜனங்க நாம். அன்றைக்கு மெத்து மெத்து என்று கேட்டு வாங்கின துணி, நாலு வருஷத்தில் எப்படிக் கேவலமாகிவிட்டது?

பட்டுப்பாவாடை, நெட் கவுன் எதுவுமே வேண்டாம் என்று சொல்லல. கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் போட்டுக் கழட்டட்டும். ஆனால் சித்திரை, வைகாசி ரெண்டு மாசமும் குழந்தையின் தோல் என்ன கேட்கிறதோ அதைக் கொடுங்கள். பார்க்கிறவன் கண் என்ன கேட்கிறது என்று பார்க்காதீர்கள். பார்க்கிறவன் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பான்.

நான் தைத்ததில் கழுத்து ஒரு பக்கம் கோணல். அதை ஒத்துக்கொள்கிறேன். பேத்தி அதைக் கவனிக்கல. போட்டதும் தண்ணித் தொட்டி வரைக்கும் ஓடினாள், நனைந்தாள், காயும் வரைக்கும் வேப்பமரத்தடியில் மண்ணில் விளையாடினாள், கழட்டமாட்டேன் என்று அதோடவே தூங்கிவிட்டாள். ஊருக்குக் கிளம்பும்போது மகள் ஒண்ணும் பேசாமல் அதை மடித்துப் பையில் வைத்தாள். நேற்று போன் பண்ணி, "அப்பா, மிச்ச வேட்டியில இன்னொன்னு தைக்கிறேன்னு சொன்னியே, பாக்கெட் வெச்சுத் தைப்பியா? பாப்பா கேக்குறா" என்றாள்.

பாக்கெட் எப்படி வைப்பது என்று வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் மிஷின் மேல் டிவி இருந்தால் இந்த வாரம் இறக்கி வையுங்கள். அடுத்த வாரம் மல்லாட்டை விலை.